கூப்பிடுவதற்கு முன்பே போய் நிற்பது

பெண்கள் மெடிக்கல் வார்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் கேட்டிருக்கிறார். 22 வயதுப் பெண், இரண்டு மாதத்தில் இது இரண்டாவது அட்மிஷன். மாத்திரைகளை விழுங்கியிருக்கிறாள். முன்கையில் தையல் போட்ட புதுக் காயம், பக்கத்தில் பழைய தழும்புகள். பார்க்க வந்த மனநல மருத்துவர் கேஸ் ஷீட்டில் ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்’ (ஆளுமைக் கோளாறுகளில் ஒன்று) என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். கேள்வி கேட்ட இந்த நர்ஸை ‘அக்கா, அக்கா’ என்று விடாமல் அழைக்கிறாள், போன் நம்பர் கேட்கிறாள். நைட் சிஸ்டரைக் கண்டாலே கத்துகிறாள். இவர் டியூட்டி முடிந்து கிளம்பிய அரை மணி நேரத்தில் கையில் இருந்த வென்ஃப்ளானை (டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் குழாய்) பிடுங்கி எறிந்திருக்கிறாள். ‘எல்லாம் ஆக்டிங், நம்ம கவனத்துக்காகப் பண்றா, கண்டுக்காதே’ என்கிறார்கள் சீனியர்கள். நான் ஏமாறுகிறேனா, இவளை எப்படிப் பார்த்துக்கொள்வது, மயங்கவைக்கும் ஊசி கேட்டால் போடலாமா, இவளெல்லாம் சரியாவாளா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் 24 வருடமாக நர்ஸ். அதில் பாதிக்கு மேல் மனநலப் பிரிவில். நேராகவே சொல்லிவிடுகிறேன்: நீங்கள் ஏமாறவில்லை, அவள் நடிக்கவும் இல்லை. ஆனால் அவள் கவனத்தைத் தேடுகிறாள் என்று சீனியர்கள் சொல்வது சரி. அந்தக் கவனம் நம் வார்டில் எப்போது கிடைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதுகொண்டிருந்தால் யாரும் வருவதில்லை. பாவம், தூங்குகிறாள் போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுகிறோம். வென்ஃப்ளானைப் பிடுங்கினால் இரண்டு சிஸ்டர், டியூட்டி டாக்டர், ஆயாம்மா, பக்கத்து பெட் ஆட்கள் எல்லோரும் ஓடி வருகிறோம். ரத்தம் வந்தால்தான் ஆள் வரும் என்று ஒருவேளை வீட்டிலேயே கற்றுக்கொண்டிருப்பாள். வார்டும் அதையே திரும்பச் சொல்லிக் கொடுக்கிறது. இதை உடைக்க நர்ஸ் கையில் ஒரு வழி இருக்கிறது. அவள் கூப்பிடுவதற்கு முன்பே, அமைதியாக இருக்கும்போதே, போய் நிற்பது.

அதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். இந்தப் பெயர் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் பதிப்பு வகைப்பாட்டில் அதிகாரபூர்வமாக நுழைந்தது. இப்போது ஒன்பது அடையாளங்கள் சொல்கிறார்கள். கைவிட்டுவிடுவார்கள் என்ற தாங்க முடியாத பயம், ஒருவரைத் தெய்வமாக்கி அடுத்த நாளே தூக்கி எறியும் உறவுகள், நான் யார் என்றே நிலைகொள்ளாத தன்மை, யோசிக்காமல் செய்யும் ஆபத்தான காரியங்கள், திரும்பத் திரும்பத் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மணிக்கணக்கில் மாறும் மனநிலை, உள்ளே ஓயாத வெறுமை, அடக்க முடியாத கோபம், நெருக்கடியில் வரும் சந்தேகம் அல்லது தன்னை விட்டுத் தான் விலகிப்போன மாதிரி ஓர் உணர்வு. இவற்றில் ஐந்து நீண்ட காலமாக இருந்தால் இந்த நோய் என்கிறார்கள். ஒன்பதில் ஐந்தோ அதற்கு மேலோ என்றால் 256 விதமாகச் சேரலாம். அதனால்தான் இதே பெயர் எழுதிய இரண்டு பேர் ஒரே ஓர் அடையாளத்தில் மட்டும் ஒத்துப்போய், மற்றதில் வேறுபட்டு இருக்கலாம். ஒரே ராத்திரி பார்த்து எழுதப்பட்ட பெயராக இருந்தால் அதை அவசரப்பட்டு அவள் மேல் ஒட்டிவிடாதீர்கள். இன்னொன்று, இது பெண்களுக்கு மட்டும் வருவதில்லை. பையன்கள் குடி, அடிதடி என்று வேறு கணக்கில் எழுதப்பட்டு விட்டுப்போகிறார்கள்.

இதன் வேரைப் பற்றி நான் படித்ததில் மனதில் நின்றது அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் சொன்னது. பிறவியிலேயே உணர்ச்சிகள் சட்டென்று பொங்கி, உச்சத்துக்குப் போய், மெதுவாகவே அடங்கும் ஒரு குழந்தை. அந்தக் குழந்தை என்ன உணர்ந்தாலும் ‘இதுக்கெல்லாமா அழுவாங்க’ என்று தள்ளிவிடும் சூழல். இரண்டும் சேரும்போது தன் உணர்ச்சியைத் தானே நம்பவும் முடியாமல், அடக்கவும் தெரியாமல் வளர்கிறார்கள். பலருக்குச் சின்ன வயதில் அடியோ பாலியல் துன்பமோ நடந்திருக்கும். எல்லோருக்கும் அப்படி என்று சொல்ல முடியாது. ஆகவே தாயைப் பார்த்ததும் ‘நீங்க என்ன செஞ்சீங்க’ என்கிற முகத்தோடு நிற்காதீர்கள்.

இப்போது வார்டுக்கு வருவோம். முதல் வேலை ஹேண்டிங் ஓவரில், அதாவது ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் சொல்லி ஒப்படைக்கும்போது, தொடங்குகிறது. 1988இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நோயாளியின் கதையை மனநல மருத்துவர்களுக்குக் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுத்த தாளில் மட்டும், முன்பு ஆளுமைக் கோளாறு என்று சொல்லப்பட்டவர் என்ற ஒரு வரி கூடுதல். அந்த வரியைப் படித்தவர்கள் அதே ஆளை கஷ்டமானவர், நம்மை ஆட்டி வைப்பவர், கவனத்துக்காகச் செய்பவர் என்று மதிப்பிட்டார்கள். அடுத்த வருடம் கனடாவில் ரூத் காலப் என்பவரும் கூட்டாளிகளும் நர்ஸ்களிடம் இதைப் போன்ற ஒன்றைச் செய்து பார்த்தார்கள். ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) என்று சொல்லப்பட்ட நோயாளிக்குக் கிடைத்த கனிவு, பார்டர்லைன் என்று சொல்லப்பட்டவருக்குக் கிடைக்கவில்லை. பெயர் ஒன்றே போதுமாக இருந்தது.

ஆகவே நோட்ஸில் ‘மேனிபுலேட்டிவ்’, ‘அட்டென்ஷன் சீக்கிங்’, ‘ஆக்டிங்’ என்று எழுதுவதை நிறுத்துங்கள். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை நேரத்தோடு எழுதுங்கள். ‘மாலை 7.40: அம்மாவோடு போனில் பேசிய பின் அழுதாள். 8.05: வென்ஃப்ளானைக் கழற்றினாள். கேட்டபோது, எல்லாரும் போயிட்டாங்க என்றாள்.’ இப்படி எழுதினால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கு போன் பேச்சுக்கும் டியூட்டி மாறும் நேரத்துக்கும் இடையே என்ன நடந்தது என்று தெரியும். ‘மேனிபுலேட்டிவ்’ என்று எழுதினால் அவருக்கு உங்கள் கோபம் மட்டும்தான் தெரியும்.

அடுத்து, முன்பே போய் நிற்பது. எங்கள் பிரிவில் 40 படுக்கைக்கு இரவில் இரண்டு பேர் இருந்த காலத்திலும் இதைச் செய்திருக்கிறோம். ஆகவே நேரமில்லை என்று சொல்லாதீர்கள். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு முறை, ஐந்தைந்து நிமிடம். நேரத்தை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: “பத்தரைக்கு மருந்து கொடுத்து முடிச்சுட்டு வந்து உன்கிட்ட அஞ்சு நிமிஷம் உட்கார்றேன். மறுபடி மூணு மணிக்கு வருவேன்.” சொன்ன நேரத்துக்குப் போய்விட வேண்டும். எமர்ஜென்சி வந்து போக முடியாவிட்டால் ஆயாம்மாவிடமாவது சொல்லி அனுப்புங்கள்: இருபது நிமிஷம் லேட்டாகும், ஆனா வருவாங்க. மிக முக்கியமானது ஒன்று. அவள் நல்லபடியாக இருந்த நாளிலும் அந்த ஐந்து நிமிடம் உண்டு, கத்தித் தீர்த்த நாளிலும் அதே ஐந்து நிமிடம் உண்டு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நல்ல நாளில் ‘இன்னைக்குத்தான் நல்லா இருக்காளே’ என்று விட்டுவிடுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. நன்றாக இருந்தால் சிஸ்டர் வரமாட்டார் என்பதுதான் அவளுக்கு அதில் கிடைக்கும் பாடம்.

ஸ்வீடனின் ஸ்கோனே பகுதியில் இதையே ஒரு முழு ஏற்பாடாகச் செய்திருக்கிறார்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கமும் தற்கொலை எண்ணமும் உள்ளவர்களோடு முன்பே ஓர் ஒப்பந்தம். நெருக்கடி வருவதுபோலத் தெரிந்தால் தாங்களே போன் செய்து வார்டில் வந்து தங்கலாம். ஒரு தடவைக்கு அதிகபட்சம் மூன்று இரவு, மாதத்துக்கு மூன்று தடவை. வெட்டிக்கொண்டோ விழுங்கியோ வந்து நிரூபிக்கத் தேவையில்லை. தங்கள் மருந்தைத் தாங்களே வைத்துச் சாப்பிடுகிறார்கள். தினமும் நர்ஸோடு பேச்சு, அதுதான் சிகிச்சை. 125 பேரை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்கு மருத்துவமனை நாட்கள் குறையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கேட்டால் படுக்கை கிடைக்கும் என்றால் எல்லோரும் வந்து குவிந்துவிடுவார்கள் என்று நாம் பயப்படுகிறோமே, அதுவும் நடக்கவில்லை. நம்மூரில் அப்படி ஓர் ஏற்பாடு நாளைக்கே வந்துவிடாது. அதன் சாரத்தை ஒரு நர்ஸ் தன் ஷிஃப்டில் கொண்டுவர முடியும்.

இனி, ‘நீங்க மட்டும்தான் அக்கா நல்லவங்க, அந்த நைட் சிஸ்டர் ரொம்ப மோசம்’ என்ற பேச்சு. இதில்தான் இளம் நர்ஸ்கள் வழுக்குகிறார்கள். நானும் வழுக்கியிருக்கிறேன். அந்த வார்த்தை காதுக்கு அவ்வளவு இனிமை. நாள் முழுக்க யாரும் நன்றி சொல்லாத வேலையில் ஒரு பெண் கையைப் பிடித்துக்கொண்டு ‘உங்களாலதான் உயிரோட இருக்கேன்’ என்கிறாள். அன்றிலிருந்து நான் அவளுக்காக ரூல்ஸை வளைத்தேன். பார்வையாளர் நேரம் முடிந்தும் ஆள் உள்ளே இருக்கலாம், இரவு எட்டுக்கு மேல் போன் வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஷிஃப்டில் ரூல்ஸ் பேசிய சிஸ்டர் கொடுமைக்காரி ஆனார். நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தோம். பத்தாவது நாள் எனக்கு லீவு. திரும்பி வந்தபோது நானும் கெட்டவளாகிவிட்டிருந்தேன். அவள் சூழ்ச்சி செய்தாள் என்றுதான் அப்போது நினைத்தேன். உண்மையில் அந்தப் பெண்ணால் ஒரே மனிதரிடம் நல்லதையும் கெட்டதையும் ஒன்றாக வைத்துப் பார்க்க முடியவில்லை. நாங்கள் போய் அந்த இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு இடம் பிடித்து நின்றுகொண்டோம்.

இது புதிதல்ல. லண்டனில் கேஸல் மருத்துவமனை என்று ஒன்று உண்டு. அதன் தலைமை மருத்துவர் டாம் மெயின், சில ‘ஸ்பெஷல்’ நோயாளிகளைப் பற்றித் தன் நர்ஸ்களோடு உட்கார்ந்து பேசி 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். என்னால்தான் இவளைப் புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கும் ஒரு சிறு குழு, இவர்கள் ஏமாறுகிறார்கள் என்று நினைக்கும் மற்றவர்கள். நோயாளி போன பிறகும் அந்தச் சண்டை ஓயவில்லை. உங்கள் வார்டில் இப்போது நடப்பது அதுதான் என்று தெரிந்துகொண்டால் பாதி பாரம் இறங்கும்.

என்ன செய்வது? அவள் அப்படிச் சொல்லும்போது மற்ற சிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தையும் சேர்க்காதீர்கள், அவரைத் தூக்கிப் பிடித்துச் சண்டையும் போடாதீர்கள். “உனக்கு நேத்து ராத்திரி கஷ்டமா இருந்துச்சுன்னு புரியுது. நாங்க எல்லாரும் சேர்ந்துதான் உன்னைப் பார்த்துக்கறோம். என்ன நடந்துச்சுன்னு அவங்ககிட்டயே பேசுவோம், நானும் கூட இருக்கேன்.” அப்புறம் நிஜமாகவே நைட் சிஸ்டரிடம் கேளுங்கள். பார்டர்லைன் என்று எழுதியிருப்பதாலேயே அவள் சொல்லும் புகார் பொய்யாகிவிடாது. ராத்திரி யாராவது அவளைக் கேவலமாகப் பேசியிருக்கலாம், கையை முறுக்கியிருக்கலாம். அப்படியானால் அது நடந்த தவறு, இன்சார்ஜ் வரை போக வேண்டியது. மற்றபடி பார்வையாளர் நேரம், போன், வெளியே நடப்பது, ஊசி ஆகிய நான்குக்கும் எல்லா ஷிஃப்டுக்கும் ஒரே பதில் என்று பேசி முடிவெடுத்து, ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டின் முன்னால் வையுங்கள். அவளுக்கும் படித்துக் காட்டுங்கள். மூன்று சிஸ்டரும் சுமாரான ஒரே பதிலைச் சொல்வது, ஒருவர் மட்டும் அற்புதமான பதிலைச் சொல்வதைவிட நல்லது.

போன் நம்பர் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எதுவும் வேண்டாம். அதைக் கடுகடுப்பாகச் சொல்ல வேண்டியதில்லை. “நம்பர் நான் யாருக்கும் கொடுக்கறதில்லம்மா. ராத்திரி ரெண்டு மணிக்கு நீ கூப்பிட்டு நான் எடுக்கலைன்னா உனக்கு எவ்வளவு வலிக்கும்! எப்பவும் எடுக்கற நம்பர் ஒண்ணு தர்றேன்.” ‘அக்கா’ என்று கூப்பிடுவதைத் தடுக்க வேண்டாம், நம்மூரில் வயதில் மூத்த நர்ஸை வேறு எப்படிக் கூப்பிடுவாள்? ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க’ என்று ஆரம்பித்தால் மட்டும் உடனே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்: உயிர் சம்பந்தப்பட்டது எதையும் நான் ரகசியமாக வைத்துக்கொள்ள மாட்டேன், டாக்டரிடம் சொல்வேன், சொல்லும்போது உனக்கும் தெரியும்.

நீங்கள் கிளம்பியதும் வென்ஃப்ளானைப் பிடுங்கியதற்கு வருகிறேன். நீங்கள் சொல்லாமல் போயிருப்பீர்கள். சொன்னால் அழுவாளே என்று பின்பக்கமாக நழுவிப் போவது வார்டில் சகஜம். மற்றவர்களுக்கு ஷிஃப்ட் மாறுவது ஷிஃப்ட் மாறுவது மட்டும்தான். அவளுக்கு அது விட்டுவிட்டுப் போவது. டியூட்டி முடிய அரை மணி இருக்கும்போதே போய்ச் சொல்லுங்கள், அடுத்து வருபவரையும் கையோடு கூட்டிப்போய் நிறுத்துங்கள். “நான் இப்ப வீட்டுக்குப் போறேன். நாளைக்கு எனக்கு ஆஃப். வெள்ளிக்கிழமை காலைல வருவேன். இன்னைக்கு ராத்திரி இவங்க இருப்பாங்க, ஒன்பதரைக்கு உன்கிட்ட வருவாங்க.” அழுதால் அழட்டும். அழுகையைத் தாங்கி நின்றுவிட்டுப் போங்கள்.

காயத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனது கொதிக்கிறது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், தானே வெட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்கு மரத்துப்போகும் ஊசி போடாமல் தையல் போட்டார்கள். ‘வெட்டிக்கும்போது வலிக்கலைல்ல?’ என்று கேட்டுக்கொண்டே. நான் ட்ரே பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன். அந்தப் பெண் அடுத்த தடவை மருத்துவமனைக்கு வரவே இல்லை. காயம் சீழ் பிடித்த பிறகு வேறு யாரோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். காயம் எப்படி வந்திருந்தாலும் மரத்துப்போகும் ஊசி, சுத்தம், டிடி (டெட்டனஸ் தடுப்பூசி), டிரெஸ்ஸிங் எல்லாம் ஒன்றுதான். டிரெஸ்ஸிங் செய்யும்போது திட்டவும் வேண்டாம், அழுதுகொண்டு கட்டிப்பிடிக்கவும் வேண்டாம். விபத்தில் அடிபட்டவருக்குச் செய்யும் அதே நிதானம் போதும். கட்டி முடித்த பிறகு, “இதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?” என்று ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் மூன்று மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

உடம்பைத் தொடும் எந்த வேலையையும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஈசிஜி எடுக்க மேல்சட்டையை விலக்கும்போது அலறிய பெண்ணை ‘ஓவரா பண்றா’ என்று டெக்னீஷியன் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அவளுக்குச் சின்ன வயதில் என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. திரை இல்லாவிட்டால் இரண்டு ஆயாம்மா ஒரு பெட்ஷீட்டைப் பிடிக்கலாம். கதீட்டர் (சிறுநீர்க் குழாய்), ஊசி, ஈசிஜி எதுவானாலும் என்ன செய்யப்போகிறேன், எங்கே தொடுவேன், எவ்வளவு நேரம் ஆகும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன் என்று நான்கு வாக்கியம். அரை நிமிடம் ஆகும்.

கத்தும்போது என்ன பேசுவது? குறைவாகப் பேசுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். காரணம் கேட்காதீர்கள், அந்த நேரத்தில் காரணம் அவளுக்கே தெரியாது. உணர்ச்சியை ஒத்துக்கொள்ளுங்கள், செயலுக்கு எல்லை போடுங்கள்: “உனக்கு ரொம்ப பயமா இருக்கு, தெரியுது. ஸ்டாண்டைத் தள்ளிவிட விடமாட்டேன். நான் இங்கயே இருக்கேன்.” ஒத்துக்கொள்வது என்றால் அவள் சொல்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவது அல்ல. அம்மா தன்னைக் கொல்லப் பார்க்கிறாள் என்று அவள் சொன்னால் ஆமாம் என்று சொல்ல வேண்டாம். அப்படித் தோன்றும்போது எவ்வளவு பயமாக இருக்கும் என்று சொல்லலாம். சில நேரம் அவள் கத்தவே மாட்டாள். கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கும், கூப்பிட்டால் காதில் விழாது. அது திமிர் அல்ல. அந்த நேரத்தில் அவள் அங்கே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இது எந்த ஊர், என்ன கிழமை, நான் யார் என்று சொல்லுங்கள். காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், கையில் குளிர்ந்த தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள்.

ஊசி விஷயம். மயங்கவைக்கும் மருந்தை எப்போது போடுகிறோம் என்பதற்கு டாம் மெயினின் நர்ஸ்களே நேர்மையாக ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். நோயாளியின் துன்பத்தைத் தாங்கும் சக்தி தனக்குத் தீர்ந்துபோன இடத்தில்தான் நர்ஸ் மருந்தை எடுக்கிறார் என்று. இதைப் படித்த அன்று நான் எத்தனை ராத்திரி அப்படிச் செய்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்க முடியவில்லை. இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. இங்கிலாந்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல், நெருக்கடியில் தூக்க மருந்து தந்தால்கூட ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. பதற்றத்தைக் குறைக்கும் அல்ப்ரசோலம் மாத்திரை கொடுத்தால் இவர்களில் சிலர் அடங்குவதற்குப் பதில் கட்டுப்பாடு இழந்து இன்னும் மோசமாகிறார்கள் என்று 1988இலேயே ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே டாக்டர் எழுதியிருந்து அவள் கேட்டால் போடுங்கள். எழுதாவிட்டால் நைட் டியூட்டி நிம்மதியாகப் போக வேண்டும் என்பதற்காக போன் செய்து எழுத வைக்காதீர்கள். எதுவானாலும் ஊசியோடு ஐந்து நிமிடப் பேச்சும் சேர்ந்து போகட்டும்.

கட்டிப்போடுவது பற்றிச் சட்டமே தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97ஆம் பிரிவு, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவர் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும் என்கிறது. தண்டனையாகச் செய்யக் கூடாது, ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் செய்யக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். தனி அறையில் அடைப்பதற்கு முழுத் தடை.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை. ‘இவ எப்பவும் இப்படித்தான், ஒண்ணும் ஆகாது’ என்ற பேச்சைப் போல ஆபத்தானது வேறில்லை. அடிக்கடி காயப்படுத்திக்கொள்பவருக்கு உயிராபத்து குறைவு என்பது தவறு. இந்த நோயுள்ளவர்களில் தற்கொலையால் இறப்பவர்கள் பத்தில் ஒருவர் என்று பழைய ஆய்வுகள் சொல்லின. பிந்தைய ஆய்வுகளில் கொஞ்சம் குறைவு, ஆனால் அதுவும் மிக அதிகம். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே கேளுங்கள்: “இப்ப சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இந்தத் தடவை காரணம் வேறு, முறை வேறு, அல்லது வழக்கமாகக் கத்துபவள் திடீரென்று அமைதியாகிப் பொருட்களைப் பிறருக்குக் கொடுக்கிறாள் என்றால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மெடிக்கல் வார்டில் இன்னொன்றும் உண்டு. பாராசிட்டமால் மாதிரியான மருந்தை அதிகமாக விழுங்கியவர் முதல் நாள் தெம்பாகவே தெரிவார், கல்லீரல் பாதிப்பு பிறகுதான் வரும். நன்றாகத்தானே இருக்கிறாள், டிராமா என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் நோயின் பெயரே அவளைக் கொன்றுவிடும்.

கூட இருக்கும் அம்மாவைப் பற்றி. பெரும்பாலும் ஒரு பிளாஸ்டிக் பையோடு பெட்டுக்கு அடியில் தூங்கிக்கொண்டு, ‘எங்க மானத்தை வாங்கறா’ என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அவரும் ஓய்ந்துபோனவர்தான். நோயாளியின் முன்னால் அவரிடம் பேசாதீர்கள். வெளியே கூட்டிப்போய் டீ குடிக்க வைத்து அவருடைய பயத்தையும் கேளுங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும், கல்யாணம் நடக்காது என்ற பயம் பாதி இருக்கும். எம்.எல்.சி., அதாவது போலீஸுக்குத் தகவல் போகும் மெடிக்கோ-லீகல் பதிவு, மருத்துவமனை நடைமுறை. ஆனால் தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், தண்டிக்காது என்று அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதைச் சொன்னதும் ஒரு தாயின் முகம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன். அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார்.

உங்களுக்கு அவள் மேல் கோபம் வரும். ஒருநாள் இவளைக் காப்பாற்ற என்னால்தான் முடியும் என்றும் தோன்றும். இரண்டும் வந்தால் தப்பில்லை, இரண்டையும் தனியாகச் சுமந்துகொண்டு போய் அவள் முன் நிற்பதுதான் சிக்கல். ஹேண்டிங் ஓவர் முடிந்து பத்து நிமிடம் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து பேசுங்கள், அந்த ‘மோசமான’ நைட் சிஸ்டரையும் சேர்த்துக்கொண்டு. இன்று யாருக்கு என்ன தோன்றியது என்று மட்டும்.

சரியாவாளா என்ற கேள்விக்கு நல்ல பதிலே இருக்கிறது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் படுத்திருந்த 290 பார்டர்லைன் நோயாளிகளை மேரி ஸனரினியின் குழு வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தது. பத்து வருடத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு, குறைந்தது இரண்டு வருடம் நீடிக்கும்படி அறிகுறிகள் தணிந்திருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்த்து நன்றாக மீண்டவர்கள் சுமார் பாதி. தணியாத நோய் என்று நாம் படித்தது தவறு. மேலே சொன்ன மார்ஷா லினஹனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1961இல் 17 வயதுப் பெண்ணாக ஹார்ட்ஃபோர்டில் ஒரு மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, தன்னைத் தொடர்ந்து காயப்படுத்திக்கொண்டதால் தனி அறையில் அடைக்கப்பட்டுக் கிடந்தவர். பின்னாளில் இவர்களுக்கென்றே டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சையை உருவாக்கி, அது பலன் தருகிறது என்று 1991இல் ஆய்வு செய்து காட்டினார். 2011இல் அதே மருத்துவமனையில் போய் நின்று, இங்கே இருந்தது நான்தான் என்று எல்லோர் முன்னும் சொன்னார். உங்கள் பெட்டில் இருக்கும் பெண்ணுக்கு இதை மூன்று மணிக்கு வந்து உட்காரும் அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள்.

டிஸ்சார்ஜ். நெருக்கடிக்காக வந்தவரை நீண்ட நாள் வைத்திருப்பது பெரும்பாலும் உதவாது, வெளியே வாழும் பழக்கமே போய்விடும். ஆனால் திடீரென்று காலை ரவுண்ட்ஸில் ‘இன்னைக்கு டிஸ்சார்ஜ்’ என்று கேட்டால் அன்று மதியமே ஏதாவது நடக்கும். சேர்ந்த இரண்டாம் நாளே பேசத் தொடங்குங்கள். சனிக்கிழமை மாலை அனுப்பாமல் இருக்க முடிந்தால் நல்லது, ஞாயிறு ஓபி இல்லை. கையில் ஒரு தாள் கொடுங்கள், அவளோடு உட்கார்ந்து எழுதியது: என்னென்ன நடந்தால் எனக்கு முட்டிக்கொண்டு வரும், அப்போது முதலில் என்ன செய்வேன், யாரிடம் போவேன், மாத்திரைகள் யார் கையில் இருக்கும், எப்போதும் எடுக்கும் நம்பர், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416. மனநல ஓபிக்கு எந்தத் தேதி, எந்த அறை, அங்கே யாரைப் பார்ப்பது என்பதையும் எழுதுங்கள். முடிந்தால் அந்த அறை வரை ஒருதடவை நடந்து காட்டிவிட்டு வாருங்கள்.

தையல் பிரிக்க ஒரு தேதி கொடுத்திருப்பார்கள். அன்றைக்கு உங்களுக்கு என்ன ஷிஃப்ட் என்று டியூட்டி லிஸ்டைப் பார்த்து, வார்டில் இருப்பீர்களா மாட்டீர்களா என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பிரிக்கப்போவது யார் என்று அவருடைய பெயரையும் சொல்லுங்கள். அந்த நைட் சிஸ்டராகவே இருந்தாலும்.